ஒரே ஒன்றியம், பல படிகள்: முடிவு யார் கையில்?

1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்கு மூலையில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்ற திராட்சைத் தோட்டக் கிராமத்தில், ஆற்றில் நின்றிருந்த ஒரு பயணப் படகில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவை அந்த ஐந்து. தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக விலக்கிக்கொள்வதாக அங்கே கையெழுத்திட்டார்கள். பிரதமர்கள் யாரும் வரவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் இணையமைச்சர், அரசுச் செயலர் நிலையில் இருந்தவர்கள். அன்றைய ஐரோப்பியச் சமூகத்தில் இருந்தவை பத்து நாடுகள். மீதி ஐந்தும் அன்று கையெழுத்திடவில்லை. எல்லோரும் சம்மதிக்கும்வரை காத்திருந்தால் காரியம் நடக்காது என்று தெரிந்துதான், சமூகத்தின் சட்டத்துக்கு வெளியே ஒரு தனி ஒப்பந்தமாக அதை எழுதிக்கொண்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, எல்லைச் சாவடிகளில் காத்துக் கிடந்து சலித்துப்போன லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்துப் போராடியது இதற்கு உடனடித் தூண்டுதலாக இருந்தது. உடன்பாடு 1995-இல் நடைமுறைக்கு வந்தது. 1997-இல் கையெழுத்தான ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் அதை, அந்தச் சமூகத்திலிருந்து வளர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமாகவே ஆக்கியது. இன்று ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள். ஒன்றியத்தில் உறுப்பினராக இல்லாத நார்வே, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் அதில் இருக்கின்றன. உறுப்பினர்களான அயர்லாந்தும் சைப்ரஸும் இல்லை. ஈழத்திலிருந்து போய் ஐரோப்பாவில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கோடுகள் நன்றாகத் தெரியும். சூரிக்கில் இருக்கும் அண்ணன் பாரிசில் இருக்கும் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாமல் போய்வந்துவிடலாம். லண்டனில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போவதென்றால் சோதனை உண்டு. பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்திலும் அந்தச் சோதனை இருந்தது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகள் சேர்ந்த ஒரே உடல்போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால், நாடுகள் வெவ்வேறு அளவில் இணைந்திருக்கின்றன. 2026 ஜனவரியில் பல்கேரியா சேர்ந்த பிறகு யூரோவைப் பயன்படுத்தும் உறுப்பு நாடுகள் 21. ஒன்றியத்தின் நிதியைக் கையாடுவோர்மீது வழக்குத் தொடரும் ஐரோப்பிய அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் 24. பாதுகாப்புத் துறையில் நிரந்தரமாகக் கூடிச் செயல்படும் ஏற்பாட்டில் மால்டா நீங்கலாக 26. மணமுறிவு வழக்கில் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று வகுத்த விதியைக்கூட 2010-இல் 14 நாடுகள் மட்டுமே ஏற்றுத் தொடங்கின. குறைந்தது ஒன்பது நாடுகள் சேர்ந்தால் மற்றவர்களுக்காகக் காத்திராமல் முன்னே போகலாம் என்று ஒப்பந்தமே இடம் கொடுக்கிறது.

இதைப் பல வேக ஐரோப்பா என்கிறார்கள். 1994-இல் ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஷொய்ப்ளேயும் கார்ல் லாமர்ஸும் ஐந்து நாடுகளைக் கொண்ட ஒரு மையக்கரு ஐரோப்பா முன்னே செல்லட்டும் என்று அறிக்கை எழுதினார்கள். அந்த ஐந்தில் தன் பெயர் இல்லாத இத்தாலி, தொடக்க உறுப்பினரான தன்னையே வெளியே நிறுத்துவதா என்று கொதித்தது. 2017 மார்ச்சில் ரோம் ஒப்பந்தத்தின் 60-ஆம் ஆண்டு விழாவுக்கு ரோமில் கூடிய தலைவர்கள், தேவையான இடத்தில் வெவ்வேறு வேகத்தில் செயல்படுவோம் என்று தங்கள் பிரகடனத்திலேயே எழுதினார்கள். போலந்து அந்த வாசகத்தை நீர்க்கச் செய்யக் கடைசிவரை போராடியது.

இரு தரப்பும் வேகத்தைப் பற்றியே பேசுகின்றன. வேறுபாடு இருந்தால் ஒன்றியம் சிதறிவிடும் என்று ஒரு தரப்பு. வேறுபாடு இல்லாவிட்டால் ஒன்றியம் அசையாது என்று மறு தரப்பு. ஒரு நாடு எந்தப் படியில் நிற்கிறது என்பதைவிட, அந்தப் படியில் அதை நிறுத்தியது யார் என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். தன் மக்களின் வாக்கால் தானே நின்ற நாடும், அடுத்தவர் கை வைத்துத் தடுத்ததால் நிற்க நேர்ந்த நாடும் வரைபடத்தில் ஒரே நிறத்தில் தெரியலாம். அரசியல் நியாயத்தில் இரண்டுக்கும் நெடுந்தூரம்.

டென்மார்க்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 1992 பிப்ரவரியில் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம்தான் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கியது. பொது நாணயத்துக்கு வழி வகுத்ததும் அதுவே. அன்றைய 12 நாடுகளும் ஏற்றால்தான் அது செல்லும். ஜூன் 2 அன்று டேனிஷ் மக்கள் பொது வாக்கெடுப்பில் 50.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வித்தியாசம் ஐம்பதாயிரம் வாக்குகளுக்கும் குறைவு. சிறிய நாடுதானே என்று மற்ற பதினொரு நாடுகளும் தள்ளிவிட்டுப் போகவில்லை. சட்டப்படி போகவும் முடியாது. டேனிஷ் கட்சிகள் தங்களுக்குள் பேசி, மக்கள் எதற்கெல்லாம் அஞ்சினார்கள் என்று பட்டியலிட்டன. டிசம்பரில் எடின்பரோ மாநாட்டில் நான்கு விலக்குகள் கிடைத்தன: பொது நாணயம், பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை. 1993 மே மாதம் மறுபடியும் வாக்கெடுப்பு, 56.7 சதவீதம் பேர் ஏற்றார்கள். அன்றிரவு கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் கலவரம் வெடித்துக் காவல் துறை துப்பாக்கியால் சுட்டதில் பலர் காயமடைந்தார்கள். வேண்டாம் என்று சொன்ன மக்களிடமே மறுபடி கேட்டது எல்லோருக்கும் நியாயமாகப் படவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2000-இல் யூரோவில் சேரலாமா என்று அரசு கேட்டது, மக்கள் மறுத்தார்கள். 2015-இல் நீதித் துறை விலக்கைத் தளர்த்தலாமா என்று கேட்டது, மறுபடியும் மறுத்தார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் டென்மார்க் விலை கொடுத்திருக்கிறது. போஸ்னியாவில் அமைதி காக்கும் பொறுப்பை 2004-இல் நேட்டோவிடமிருந்து ஒன்றியம் ஏற்றபோது, பாதுகாப்பு விலக்கு இருந்ததால் டேனிஷ் வீரர்கள் விலகி வர வேண்டியிருந்தது. 2015 முடிவின் விளைவாக, 2017-இல் யூரோபோல் காவல் அமைப்பின் முழு உறுப்பினர் தகுதியை அந்த நாடு இழந்து, தனி உடன்பாடு ஒன்றைத் தேடிக்கொண்டது. டேனிஷ் நாணயமான குரோன் இன்றும் யூரோவோடு குறுகிய வரம்புக்குள் கட்டப்பட்டிருக்கிறது. யூரோ வட்டி மாறினால் கோபன்ஹேகனும் பெரும்பாலும் மாற்றியாக வேண்டும். ஆனால் அந்த வட்டியைத் தீர்மானிக்கும், ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியின் மேசையில் டென்மார்க்குக்கு நாற்காலி இல்லை. இதெல்லாம் தெரிந்தே அந்த மக்கள் விலகி நிற்கிறார்கள். உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, 2022 ஜூன் 1 அன்று பாதுகாப்பு விலக்கைக் கைவிடலாமா என்று கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் கைவிடலாம் என்றார்கள். முப்பது ஆண்டுகள் பூட்டியிருந்த ஒரு கதவை மக்களே திறந்தார்கள்.

விலக்குக் கொடுத்தால் நாளடைவில் வெளியேறிவிடுவார்கள் என்பது பழைய அச்சம். அதற்குச் சாட்சியாகப் பிரிட்டனைக் காட்டுவார்கள். யூரோவிலிருந்து விலக்கு, ஷெங்கனிலிருந்து விலக்கு, வரவு செலவுத் திட்டப் பங்களிப்பில் தள்ளுபடி என்று கேட்டதெல்லாம் பெற்ற நாடு, 2016 ஜூனில் 51.9 சதவீத வாக்குகளுடன் வெளியேற முடிவுசெய்து 2020 ஜனவரி 31 அன்று போயே போய்விட்டது. இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் டென்மார்க்கையும் பிரிட்டனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. டென்மார்க் 1972 முதல் ஐரோப்பா குறித்து ஒன்பது முறை மக்களிடம் போயிருக்கிறது. பிரிட்டன் 1975-இல் ஒரு முறை கேட்டது; அடுத்துக் கேட்டது 41 ஆண்டுகள் கழித்து. இடையில் பெற்ற விலக்குகள் எல்லாம் பிரதமர்கள் ஐரோப்பிய உச்சி மாநாடுகளில் பேரம் பேசி வாங்கி வந்தவை. வாங்கி வந்ததை வெற்றி என்று சொன்னார்களே தவிர, உள்ளே இருப்பதால் நாட்டுக்கு என்ன பயன் என்று மக்களிடம் எடுத்துச் சொல்லும் கட்டாயம் அவர்களுக்கு ஏற்படவில்லை. டேனிஷ் அமைச்சர்களுக்கு அந்தக் கட்டாயம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. தோற்ற வாக்கெடுப்புகள்கூட அங்கே ஒரு தெளிவைத் தந்தன: எதுவரை வருவோம், எதற்கு மேல் வர மாட்டோம் என்று இரு தரப்புக்கும் தெரிந்தது.

இனி எதிர்ப்பக்கம். ருமேனியாவும் பல்கேரியாவும் 2007-இல் ஒன்றியத்தில் சேர்ந்தன. ஷெங்கனில் சேருவது அவற்றின் சேர்க்கை உடன்பாட்டிலேயே எழுதப்பட்ட கடமை. எல்லைக் காவல், தகவல் தொகுப்பு, விசா நடைமுறை என்று கேட்ட தொழில்நுட்பத் தகுதிகள் அனைத்தையும் அவை நிறைவேற்றிவிட்டன என்று 2011-இல் மதிப்பீடு முடிந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் சேர்க்கலாம் என்றது. ஆனால் இறுதி முடிவுக்கு உறுப்பு நாடுகளின் ஒருமித்த ஒப்புதல் வேண்டும். முதலில் நெதர்லாந்தும் பின்லாந்தும் தடுத்தன. ஊழலும் குற்றக் கும்பல்களும் ஒழியவில்லை என்பது காரணம். அது பொய்யான காரணமல்ல. ருமேனியா, பல்கேரியா இரண்டின் நீதித் துறையையும் ஒன்றியம் தனியாகக் கண்காணித்துவந்த காலம் அது. என்றாலும் ஷெங்கன் தகுதிப் பட்டியலில் அது கிடையாது. தேர்வு முடிந்த பிறகு பாடத்திட்டத்தை மாற்றியதுபோல் ஆயிற்று.

2022 டிசம்பரில் ஆஸ்திரியா தடுத்தது. இம்முறை காரணம் அகதிகள் வரவு. அதே நாளில் அதே மேசையில் குரோவேஷியாவுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2013-இல்தான் ஒன்றியத்தில் சேர்ந்த நாடு அது. ருமேனியா, பல்கேரியா எல்லைகளில் சரக்கு லாரிகள் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. 1984-இல் மேற்கு ஐரோப்பிய ஓட்டுநர்கள் எதை எதிர்த்துச் சாலையை மறித்தார்களோ, அதே அவதியைக் கிழக்கு ஐரோப்பிய ஓட்டுநர்கள் ஒன்றியத்துக்கு உள்ளேயே நாற்பது ஆண்டுகள் கழித்தும் அனுபவித்தார்கள். 2024 மார்ச் இறுதியில் வான், கடல் வழிகள் திறந்தன. தரைவழி 2025 ஜனவரி 1 அன்றுதான். உறுப்பினராகிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து. இதற்கிடையே, ஊழல் நாடு என்று நிறுத்திவைக்கப்பட்ட அந்த ருமேனியாவிலிருந்துதான் ஐரோப்பாவின் முதல் தலைமை வழக்குரைஞர் லௌரா கொவெஷி வந்தார். ருமேனியாவின் ஊழல் ஒழிப்பு அமைப்பை நடத்தியவர். அவர் பெயரை அவருடைய சொந்த நாட்டு அரசே எதிர்த்தபோதும் ஒன்றியம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த நாட்டின் நேர்மையானவர்களை ஏற்றுக்கொண்ட ஒன்றியம், அந்த நாட்டின் சாதாரண மக்களை எல்லையில் காக்கவைத்தது. இது எனக்கு ஏற்கவே முடியாததாக இருக்கிறது.

நார்வேயின் நிலை மூன்றாவது வகை. 1972-இலும் 1994-இலும் மக்கள் உறுப்பினராக மறுத்தார்கள். ஆனால் ஐரோப்பியப் பொருளாதார மண்டலம் வழியே ஒற்றைச் சந்தையில் இருக்கிறார்கள், அதற்குப் பணமும் கட்டுகிறார்கள். 2012-இல் நார்வே அரசு நியமித்த குழு, ஒன்றியத்தின் சட்டங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கை நார்வே ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவற்றை இயற்றும்போது வாக்களிக்கும் உரிமை மட்டும் இல்லை என்று வெளிப்படையாக எழுதியது. தானே தேர்ந்த நிலை என்பதால் இதில் அநீதி இல்லை. மக்களாட்சிக்கு இது நல்ல முன்மாதிரியும் இல்லை. பிரிட்டன் வெளியேறியபோது நார்வேயின் வழியைப் பின்பற்றலாம் என்று பேசியவர்கள் இந்தக் குறையைப் போதுமான அளவு சொல்லவில்லை.

இவ்வளவு வேறுபாடுகளை ஏற்கும் நான், ஒன்றில் மட்டும் வேறுபாட்டை ஏற்க மாட்டேன். அது நீதிமன்றங்களின் சுதந்திரம். நாணயம் வேறாக இருக்கலாம், ராணுவ ஏற்பாடு வேறாக இருக்கலாம். நீதிமன்றம் அப்படியல்ல. ஒரு நாட்டு நீதிபதி பிறப்பிக்கும் கைது ஆணையை மற்ற நாட்டுக் காவல் துறை நிறைவேற்றும் ஏற்பாடு ஒன்றியத்தில் உண்டு. போலந்து கேட்ட ஒருவரை ஒப்படைக்கும் வழக்கில், போலந்தில் அரசு நீதிபதிகள்மீது கை வைத்துவிட்டதே, அங்கே இவருக்கு நியாயமான விசாரணை கிடைக்குமா என்று அயர்லாந்து நீதிமன்றம் ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கேட்டது. 2018 ஜூலையில் வந்த பதில், குறிப்பிட்ட அந்த நபருக்கு உண்மையான ஆபத்து உண்டா என்று ஆராய்ந்து, உண்டென்றால் ஒப்படைக்க மறுக்கலாம் என்பது. கடைசியில் அவர் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றே முடிவானது. ஆனால் அப்படி ஒரு கேள்வி எழுந்ததே பெரிய விஷயம். வார்சாவில் ஒரு நீதிபதி அஞ்சி நடுங்கினால் டப்ளினில் தீர்ப்பு தடுமாறுகிறது.

ஹங்கேரிக்கும் போலந்துக்கும் எதிராக ஒன்றிய ஒப்பந்தத்தின் ஏழாவது விதியின்படி நடவடிக்கை தொடங்கியும் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நகரவில்லை. குற்றம் சாட்டப்பட்ட நாடு நீங்கலாக மற்ற எல்லோரும் ஒப்பினால்தான் வாக்குரிமையைப் பறிக்க முடியும். இரண்டு நாடுகளும் ஒன்றை ஒன்று காத்துக்கொண்டன. போலந்தில் ஆட்சி மாறிய பிறகு 2024-இல் அதன்மீதான நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. ஹங்கேரிமீது பலித்தது பணம் சார்ந்த தண்டனைதான். 2024 ஜூனில், அகதிகள் சட்டம் குறித்த தீர்ப்பை நிறைவேற்றாததற்காக ஐரோப்பிய நீதிமன்றம் 20 கோடி யூரோ அபராதமும், நிறைவேற்றும்வரை நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோவும் விதித்தது. டென்மார்க்கின் விலக்கோடு இதைச் சேர்த்துப் பேசுவது தவறு. டென்மார்க் ஒப்பந்தத்தில் எழுதி, விலை கொடுத்து விலகியது. ஹங்கேரி அரசு கையெழுத்திட்ட கடமையை மீறிக்கொண்டே நிதியையும் ரத்து அதிகாரத்தையும் முழுமையாக அனுபவிக்க விரும்பியது.

ரத்து அதிகாரத்தைச் சுற்றிப் போகும் வழியாகவும் இப்போது பல வேக ஏற்பாடு பயன்படுகிறது. 2025 டிசம்பரில் உக்ரைனுக்கு 9,000 கோடி யூரோ கடன் தருவதென்று ஒன்றியத் தலைவர்கள் முடிவெடுத்தபோது, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் குடியரசு மூன்றுக்கும் அதன் நிதிப் பொறுப்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விரும்பாதவர்மீது சுமை ஏற்றாமல், விரும்புகிறவர்களையும் தடுக்காமல் நடந்த முடிவு அது. ஷெங்கன் படகில் தொடங்கிய அதே வழி.

நம் பகுதிக்கு இதில் பாடம் உண்டா? அதே 1985-இல், டிசம்பர் 8 அன்று, டாக்காவில் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் பிறந்தது. எல்லா நிலைகளிலும் ஒருமித்த முடிவு என்று அதன் சாசனம் சொல்கிறது. 2014 காத்மாண்டு மாநாட்டில், நாடுகளுக்கிடையே வாகனங்கள் ஓடும் உடன்பாட்டுக்குப் பாகிஸ்தான் இணங்கவில்லை. அந்தக் காத்மாண்டு மாநாடுதான் இன்றுவரை கடைசி உச்சி மாநாடு. அடுத்த ஆண்டு ஜூனில் வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் திம்புவில் தனியாக அதே வகை உடன்பாட்டில் கையெழுத்திட்டன. தங்கள் சிறிய மலைநாடு லாரிப் போக்குவரத்தைத் தாங்குமா என்று பூடான் நாடாளுமன்றத்தின் மேலவை தயங்கியது. மற்ற மூன்றும் முன்னே செல்லட்டும், நாங்கள் பிறகு பார்க்கிறோம் என்று பூடான் 2017-இல் சொன்னது. அது பண்பட்ட முடிவு. தான் நிற்க வேண்டிய படியைத் தானே சொன்னது, மற்றவர்களின் வழியையும் மறிக்கவில்லை. ஒருமித்த ஒப்புதல் என்ற விதியை அப்படியே கட்டிக்கொண்டு சார்க் உறைந்து கிடப்பதைப் பார்க்கும்போது, நம் வெளியுறவுத் துறையினர் ஐரோப்பாவின் இந்த ஏற்பாடுகளைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஐரோப்பாவுக்கு அடுத்த சோதனை விரிவாக்கத்தில் வருகிறது. உக்ரைனுடனும் மால்டோவாவுடனும் 2024 ஜூனில் சேர்க்கைப் பேச்சு தொடங்கியது. அவர்களுக்கு முன்பே வரிசையில் நிற்கிறது வட மாசிடோனியா. 2005-இல் அதை வேட்பாளர் நாடாக ஏற்றார்கள். மாசிடோனியா என்ற அதன் அன்றைய பெயர் தன் மாநிலத்தின் பெயர் என்று கிரீஸ் தடுத்தது. 2018-இல் பிரஸ்பா ஏரிக்கரையில் உடன்பாடு செய்து, 2019-இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பிரான்ஸ் தடுத்தது. அடுத்த ஆண்டு பல்கேரியா மொழியையும் வரலாற்றையும் முன்வைத்துத் தடுத்தது; ஷெங்கன் வாசலில் அநியாயமாக நிறுத்தப்பட்ட அதே பல்கேரியா. இப்போது பல்கேரியச் சிறுபான்மையினரை அரசியல் சாசனத்தில் சேர்த்தால்தான் மேலே போகலாம் என்ற நிபந்தனை முன்னே நிற்கிறது. ஒரு நாடு தன் பெயரையே கொடுத்த பிறகும் இன்னொரு நிபந்தனை வருமென்றால், அடுத்தது வராது என்று அந்த மக்கள் எதை வைத்து நம்புவார்கள்?

புதிதாக வருகிறவர்களுக்குத் தொடக்கத்தில் ரத்து அதிகாரம் தராமல் சேர்க்கலாம் என்ற யோசனை பிரஸ்ஸல்ஸில் பேசப்படுகிறது. அதற்குக் கால வரம்பு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டால் ஏற்கலாம். எழுதப்படாவிட்டால் அது இரண்டாம் தர உறுப்பினர் தகுதியாகவே நிலைத்துவிடும். அதைவிட அவசரமானது வேறொன்று. சேர்க்கைப் பேச்சின் ஒவ்வோர் இடைக்கட்டத்துக்கும் இன்று எல்லா உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் வேண்டியிருக்கிறது. இறுதியில் உறுப்பினராக்கும் முடிவு எல்லோருடைய சம்மதத்தோடும் நடக்கட்டும். உறுப்பு நாடுகளில் 55 சதவீதம், மக்கள்தொகையில் 65 சதவீதம் என்ற தகுதிப் பெரும்பான்மை விதி ஒன்றியத்தில் ஏற்கெனவே இருக்கிறது, இடைக்கட்டங்களுக்கு அதுவே போதும். ஒரு நாட்டின் உள்ளூர்த் தேர்தல் கணக்குக்காக இன்னொரு நாடு இருபது ஆண்டுகள் வாசலில் நிற்பதற்கு வழிவிடும் விதியைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.